கோடம்பாக்கம் வாசிக்காத பத்தி

சென்னையில் சினிமாவையும் சங்கீதத்தையும் பற்றி எழுதியவர்களுக்கு விரோதிகளுக்குக் குறைவில்லை. 1935-இல் கே. பி. சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுத்து எடுத்த 'பக்த நந்தனார்' வெளிவந்தபோது, அதில் நன்றாக நடித்தவை எருமையும் தென்னைமரமும்தான் என்ற பொருள்பட ஆனந்த விகடனில் கல்கி எழுதினார். இன்றும் அந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த எருமையைச் சொல்லாமல் விடுவதில்லை. யுத்தகாலத்தில் ரங்கூனிலிருந்து நடந்தே இந்தியா வந்து, பின்னர் டில்லியில் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் எழுதிய சுப்புடுவைக் கண்டு பயந்த வித்துவான்கள் எத்தனையோ பேர். இந்த வகையின் இருண்ட கோடியில் 'சினிமா தூது', 'இந்து நேசன்' ஏடுகளின் லட்சுமிகாந்தன் நிற்கிறார். நடிகர்களின் அந்தரங்கத்தை அச்சில் ஏற்றியவர். 1944 நவம்பரில் கத்திக்குத்துப்பட்டு இறந்தார். அந்த வழக்கில் தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் சிறைக்குப் போய் 1947-இல்தான் வெளியே வந்தார்கள். எழுத்தால் யாருக்காவது நட்டமோ மானக்கேடோ வரும் என்ற இடத்தில்தான் எழுதுகிறவனுக்கு எதிரி பிறக்கிறான்.

கொழும்பில் தமிழில் எழுதியவர்களுக்கு அந்த யோகம் இல்லை. வீரகேசரியிலோ தினகரனிலோ ஒரு சிவாஜி படத்தைக் கிழித்துத் தொங்கவிட்டாலும் கோடம்பாக்கத்தில் ஒரு முதலாளிக்குக்கூடத் தும்மல் வராது. படம் சென்னையிலும் மதுரையிலும் ஓடி முடிந்து, பெட்டி கடல் தாண்டி இங்கே வந்து சேரும்போது அதன் வெற்றி தோல்வி பழங்கதையாகியிருக்கும். கொட்டாஞ்சேனைச் செல்லமகாலில் வரிசையில் நின்றவர்கள் பத்திரிகை விமர்சனத்தைப் படித்துவிட்டு வந்தவர்களும் அல்லர். வானொலியில் பாட்டைக் கேட்டார்கள், சுவரொட்டியில் முகத்தைப் பார்த்தார்கள், வந்தார்கள்.

ஆகவே கொழும்புத் தமிழ்ப் பத்திரிகையின் திரை எழுத்தாளனுக்கு ஒரு விசித்திரமான சுதந்திரம் வாய்த்தது. விளம்பரத்தை நிறுத்திவிடுவேன் என்று மிரட்டத் தயாரிப்பாளர் இல்லை; தயவு காட்ட நடிகர் இல்லை. என்ன எழுதினாலும் எதுவும் மாறப்போவதில்லை. இப்படிப்பட்ட நிலையில் ஒருவர் அறுபது ஆண்டுக்கும் மேலாக எதை எழுதினார், ஏன் எழுதினார் என்று பார்ப்பதற்குக் கே. எஸ். சிவகுமாரனைவிடச் சிறந்த ஆள் கிடையாது.

கைலாயர் செல்லநைனார் சிவகுமாரன் 1936 அக்டோபர் 1-ஆம் திகதி மட்டக்களப்பில் பிறந்தார். இளவயதில் கொழும்புக்கு வந்து, பின்னர் வெள்ளவத்தைவாசியாகவே நிலைத்தார். பேராதனைப் பல்கலைக்கழகப் பட்டதாரி. இலங்கை வானொலியில் செய்தி மொழிபெயர்ப்பாளர், அறிவிப்பாளர், செய்தி ஆசிரியர்; ஆங்கில நாளேடான 'தி ஐலண்ட்' ஆசிரிய பீடத்தில் பணி; மாலைதீவிலும் ஓமானிலும் ஆங்கில ஆசிரியர். 2022 செப்டெம்பர் 15-ஆம் திகதி காலமானபோது முப்பதுக்கு மேற்பட்ட நூல்கள் அவர் பெயரில் இருந்தன. இந்த உத்தியோகப் பட்டியலில் 'திரைப்பட விமர்சகர்' என்று ஒன்று இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இலங்கையில் தமிழில் அப்படியொரு சம்பள உத்தியோகம் இருந்ததே கிடையாது. செய்தி வாசித்தும் பாடம் சொல்லிக் கொடுத்தும் சீவித்துக்கொண்டு, மிஞ்சிய நேரத்தில் எழுதுவதுதான் பத்தி. அவரும் அப்படித்தான் எழுதினார், ஆனால் நிறுத்தாமல் எழுதினார்.

வானொலியில் ஒரு சுவையான பொருத்தம் உண்டு. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தமிழ்ச் சேவைகளில் கே. எஸ். என்ற முதலெழுத்துகளோடு இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் கே. எஸ். ராஜா. 'திரைவிருந்து' நிகழ்ச்சியில் புதுப்படங்களை அவர் அறிமுகப்படுத்தும் வேகமும் குரலும் பாக்குநீரிணைக்கு இந்தப் பக்கம் மட்டுமல்ல, இராமநாதபுரம், திருநெல்வேலி வரைக்கும் பித்துப்பிடிக்க வைத்தன. ஒரு படத்துக்குக் கூட்டம் சேர்க்க அந்த ஒரு குரல் போதும். மற்றவர் சிவகுமாரன். நிதானமாகப் பேசுகிற ஆள். படத்தின் நெறியாளர் யார், ஒளிப்பதிவு யார் என்பதில் அக்கறை. ராஜாவின் குரலை நினைவில் வைத்திருக்கிறவர்கள் இன்றும் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். சிவகுமாரனின் பத்தியை வெட்டி வைத்திருக்கிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களாகவே இருப்பார்கள். பொழுதுபோக்குப் பத்திரிகைத்துறை என்ற ஒரே கூரையின் கீழ் விளம்பரமும் விமர்சனமும் குடியிருக்கின்றன, வாடகை கட்டுவது எப்போதும் விளம்பரம்தான்.

அவருடைய திரைப்பத்தி ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்த்தால் அதன் கட்டுமானம் புலப்படும். முதலில் படத்தின் பெயர், எந்த நாடு, எந்த மொழி, நெறியாளர். அந்த நெறியாளர் முன்பு என்ன எடுத்தார் என்று ஓரிரு வரி. பிறகு கதை, மிகச் சுருக்கமாக. பிறகு ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர், இசையமைப்பாளர் பெயர்கள். அதற்குப் பிறகே அபிப்பிராயம், அதுவும் தணிந்த குரலில். கல்கி ஒரு வாக்கியத்தில் முடித்துவிடும் காரியத்துக்கு இவர் அரைப் பக்கம் எடுத்துக்கொள்வார், கடைசியில் அந்த ஒரு வாக்கியம் இருக்கவும் இருக்காது. கல்கியின் பத்தியை ரசிப்பதற்குப் படத்தைப் பார்த்திருக்க வேண்டியதில்லை, சிரித்தால் போதும். சிவகுமாரனின் பத்தியில் சிரிக்க ஒன்றும் இல்லை. முதல் வாசிப்பில் எனக்குக் கொஞ்சம் சலிப்பூட்டுகிற எழுத்து அது என்பதை மறைக்க வேண்டிய அவசியமில்லை.

ஆனால் அந்த எழுத்து யாருக்காக என்று கேட்டால் விஷயம் வேறு. கொழும்பில் ஒரு பிரெஞ்சுப் படமோ ஜப்பானியப் படமோ பார்க்கக் கிடைப்பது தூதரகங்களின் கலாசார நிலையங்களிலும் திரைப்படக் கழகங்களிலும்தான். ஒரு மண்டபம், ஒரு காட்சி, சில டசின் பேர். அந்தச் சில டசின் பேரிலும் தமிழர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று ஊகித்துக்கொள்ளலாம். மறுநாள் அந்தப் படச்சுருள் பெட்டியில் போய்விடும். மட்டக்களப்பிலோ, மன்னாரிலோ, அட்டனிலோ இருக்கும் ஒரு வாசகன் அந்தப் படத்தை வாழ்நாளில் பார்க்கப் போவதில்லை. வீடியோ வருவதற்கு முந்திய காலம். அவனுக்குப் பத்திதான் படம். படத்தைப் பார்க்கப் போகிறவனுக்கு எழுதும் விமர்சனமும், பார்க்கவே முடியாதவனுக்கு எழுதும் விமர்சனமும் ஒரே மாதிரி இருக்க முடியாது. பின்னவனுக்குத் தகவல் வேண்டும், பெயர்கள் வேண்டும், கதை வேண்டும். தீர்ப்பு அவனுக்குப் பெரிய உபயோகமில்லை. சிவகுமாரனின் சலிப்பூட்டும் ஒழுங்கு அங்கிருந்து வந்தது என்பது என் கணிப்பு.

அவர் தொகுத்த 'அசையும் படிமங்கள்', 2006-இல் வந்த 'சினமா! சினமா! ஓர் உலக வலம்' ஆகிய நூல்களிலும் இதே போக்குத்தான். பின்னதன் தலைப்பே ஓர் உலாவை உத்தேசிக்கிறது. வழிகாட்டி என்ன காட்டுகிறார் என்று பார்க்கத்தான் கூட வருகிறவர்கள் வருவார்கள். அவர் சண்டை போடுவதைப் பார்க்க அல்ல.

இந்த வழிகாட்டி வேலையின் அருமையான பகுதி, தூரதேசப் படங்களைப் பற்றியதல்ல என்று நினைக்கிறேன். அடுத்த தெருவில் ஓடிய படங்களைப் பற்றியது. 1956 ஜூனில் தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டு டிசம்பரில் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ' திரைக்கு வந்தது. ஸ்டுடியோச் சுவர்களுக்குள் சென்னைப் படங்களைப் போலச் செய்துகொண்டிருந்த சிங்கள சினிமா முதன்முதலாக ஊருக்குள், வெயிலுக்குள் இறங்கியது. அவருடைய 'கம்பெரலிய' 1963-இல் வந்து, 1965-இல் டில்லி சர்வதேசத் திரைப்பட விழாவில் தங்க மயில் விருதை வென்றது. சத்யஜித் ராயின் பக்கத்தில் வைத்துப் பேசப்பட்ட ஒரு நெறியாளர் நம்முடைய ஊரில், நம்மோடு ஒரே பஸ்ஸில் போகக்கூடிய தூரத்தில் இருந்தார். தமிழ் வாசகருக்கு எம்.ஜி.ஆரின் அடுத்த படத்தின் பெயர் தெரியும், பீரிஸின் பெயர் தெரியாது. மொழிச் சட்டம் மனங்களில் எழுப்பிய சுவர் ஒரு பக்கம். சினிமா என்றால் தென்னிந்தியாதான் என்ற நம்முடைய பழக்கம் இன்னொரு பக்கம். தமிழ்ப் பத்திரிகையில் சிங்களப் படங்களைக் கலையாகக் கருதி, பெயர் சொல்லி, வரிசைப்படுத்தி எழுதியவர்கள் மிகச் சிலர். சிவகுமாரன் அவர்களில் விடாப்பிடியானவர்.

சிங்களப் பக்கத்து நிலைமையோடு ஒப்பிட்டால்தான் இதன் தனிமை விளங்கும். லேக் ஹவுஸ் பத்திரிகை நிறுவனம் 1963-இல் 'சரசவிய' என்ற திரை வார ஏட்டைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே அந்த ஏட்டின் பெயரில் திரைப்பட விருது விழா. பத்திரிகையும் தொழிலும் ஒன்றையொன்று வளர்த்துக்கொண்டன. விமர்சகர் ஒருவர் சொன்ன வார்த்தை அடுத்த படத்தின் திரைக்கதையில் எதிரொலிக்க வழியிருந்தது. ஆங்கிலத்தில் எழுதிய றெஜி சிறிவர்த்தன ஒரு படி மேலே போனார். 'கம்பெரலிய'வின் திரைக்கதையை எழுதியவரே அவர்தான். விமர்சகன் தான் கேட்டதைத் தானே செய்து காட்டக்கூடிய இடைவெளி அங்கே இருந்தது. அதே லேக் ஹவுஸ் கட்டடத்திலிருந்து வந்த தினகரனின் எழுத்தாளனுக்கு, ஏறிப் போக அப்படியொரு படியில்லை.

உள்ளூர்த் தமிழ்ப் படம் என்று ஒன்று இல்லாமலும் இல்லை. 1962-இல் 'சமுதாயம்' 16 மில்லிமீட்டரில் எடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு 'தோட்டக்காரி'. 1966-இல் 'கடமையின் எல்லை'. 1972-இல் கட்டடக் கலைஞர் வி. எஸ். துரைராஜா தயாரித்து டபிள்யூ. எஸ். மகேந்திரன் நெறிப்படுத்திய 'குத்துவிளக்கு'. வி. பி. கணேசன் படங்கள், செங்கை ஆழியானின் நாவலிலிருந்து பிறந்த 'வாடைக்காற்று' என்று எழுபதுகளின் பிற்பாதி சற்றுக் கலகலப்பாக இருந்தது. இதற்குப் பின்னால் பொருளாதாரக் காரணங்கள் உண்டு. 1972-இல் இயங்கத் தொடங்கிய அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் வெளிநாட்டுப் படங்களின் இறக்குமதியைத் தன் கைக்குள் எடுத்தது. அந்நியச் செலாவணிப் பஞ்ச காலம் அது. விகடன், குமுதம் வருகையும் கட்டுப்பட்டது. கடல் கதவு பாதி சாத்தப்பட்ட அந்த ஆண்டுகளில்தான் ஈழத்து நாவலும் ஈழத்துப் படமும் கொஞ்சம் மூச்சு விட்டன. ஆயினும் தொண்ணூறுகளின் தொடக்கம் வரை கணக்கெடுத்தாலும் முழுநீளப் படங்கள் முப்பதை எட்டவில்லை.

இந்தச் சின்னக் குடும்பத்தை விமர்சகன் எப்படி நடத்துவது? எடுத்தவர் பெரும்பாலும் தெரிந்தவர். நகை விற்று, வீட்டை ஈடு வைத்து எடுத்த கதைகள் காதில் விழுந்துகொண்டிருக்கும். கிழித்து எழுதினால் அடுத்த படமே வராது என்ற பயம். தட்டிக்கொடுத்தால், மோசமான படத்தையும் 'நல்ல முயற்சி' என்று எழுத வேண்டிவரும். தமிழ்ப் பத்திரிகைகள் பொதுவாகத் தட்டிக்கொடுக்கும் பக்கமே சாய்ந்தன. சிவகுமாரனின் சுபாவமும் அந்தப் பக்கம்தான். குறை காண்பது தன் தொழிலல்ல, ஒரு படைப்பில் என்ன இருக்கிறது என்று எடுத்துக் காட்டுவதே திறனாய்வு என்பது அவர் வாழ்நாள் முழுவதும் பிடித்துக்கொண்டிருந்த நிலைப்பாடு.

இங்கேதான் அவரோடு எனக்குக் கருத்து வேறுபாடு. 1977-ஐ எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு தர்மசேன பத்திராஜ என்ற சிங்கள நெறியாளர், காவலூர் இராஜதுரையின் எழுத்தைக் கொண்டு யாழ்ப்பாணத்தில் 'பொன்மணி' என்ற தமிழ்ப் படத்தை எடுத்தார். யாழ்ப்பாணத்துச் சாதியையும் சீதனத்தையும் நேருக்கு நேர் பார்த்த படம். ஈழத்துத் தமிழ்ப் படங்களில் இன்று உலகத் திரை ஆர்வலர் முன் கூசாமல் வைக்கக்கூடியது ஏதென்று கேட்டால் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். அப்போது அது ஓடவில்லை. எல்லாப் படமும் 'பாராட்டத்தக்க முயற்சி' ஆகிவிட்ட ஒரு பத்திரிகைச் சூழலில், உண்மையிலேயே பாராட்டத் தகுந்த ஒன்று வரும்போது அதைத் தனித்துக் காட்ட விமர்சகன் கையில் சொல் மிச்சமில்லாமல் போய்விடுகிறது. மென்மைக்கு ஒரு விலை உண்டு, அதைக் கொடுத்தது 'பொன்மணி'. ஒரு கடுமையான பேனா அந்தப் படத்தைக் காப்பாற்றியிருக்கும் என்று சொல்லவரவில்லை. ஆனால் அதற்காக ஒருவராவது சண்டை போட்டார் என்ற பதிவாவது இருந்திருக்கும்.

அதே 1977-இல்தான் மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்து, புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்த பாலு மகேந்திரா தன் முதல் படமான 'கோகிலா'வைக் கன்னடத்தில் இயக்கினார். சிங்களவர் ஒருவர் யாழ்ப்பாணத்தில் தமிழ்ப் படம் எடுக்கிறார். மட்டக்களப்புத் தமிழர் ஒருவர் பெங்களூருக்குக் கன்னடப் படம் எடுத்துக் கொடுக்கிறார். இன்னொரு மட்டக்களப்புத் தமிழர் கொழும்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருக்கிறார். ஈழத்துத் தமிழ்ச் சினிமாவின் வரலாற்றை அந்த ஓர் ஆண்டுக்குள் அடக்கிவிடலாம் போலிருக்கிறது.

கொழும்பிலிருந்து நீர்கொழும்பு வீதியில் வடக்கே போனால் களனி ஆற்றைக் கடந்ததும் வத்தளை. அங்கிருந்து கடற்கரைப் பக்கமாகத் திரும்பினால் ஹெந்தளை. இன்னும் சில மைல் வடக்கே கந்தானை. இலங்கைச் சினிமாவின் தொழிற்கூடங்களில் முக்கியமானவை இந்த வட்டாரத்தில் இருந்தன என்பதும், அவற்றைக் கட்டியவர்கள் தமிழர்கள் என்பதும் இப்போது பலருக்கும் புதுச் செய்தியாக இருக்கும். 1947 ஜனவரியில் வெளிவந்த முதல் சிங்களப் பேசும் படமான 'கடவுணு பொறொந்துவ'வைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம். அதை எடுத்தது மதுரையில். பிறகு அவரே கந்தானையில் ஒரு ஸ்டுடியோவை நிறுவினார். ஹெந்தளையில் விஜயா ஸ்டுடியோவை வைத்திருந்தவர் சினிமாஸ் நிறுவனத்தின் கே. குணரத்தினம். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'சந்தேசய'வைத் தயாரித்தவரும் அவரே. தமிழ் மூலதனம் சிங்களச் சினிமாவைக் கட்டியது. தமிழ்ச் சினிமாவைக் கட்டவில்லை. சந்தை எங்கே இருக்கிறதோ அங்கேதான் வியாபாரி போவான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

1983 ஜூலையில், தமிழருக்கு எதிரான கலவரத்தில், விஜயா ஸ்டுடியோ எரிக்கப்பட்டது. தமிழரின் சொத்து என்று எரித்தார்கள்; எரிந்ததில் பெரும்பகுதி சிங்களப் படங்களின் நெகட்டிவ். குணரத்தினம் 1989-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கு முன்பே 1981-இல் யாழ்ப்பாணத்தில் பொது நூலகத்தோடு ஈழநாடு பத்திரிகைக் காரியாலயமும் எரிந்திருந்தது. படச்சுருளும் போயிற்று, அதைப் பற்றி எழுதிய தாளும் போயிற்று. அறுபதுகளில் வந்த ஈழத்துத் தமிழ்ப் படங்கள் பலவற்றின் பிரதியை இன்று யாரும் போட்டுப் பார்க்க முடியாது.

இந்த இடத்தில் சிவகுமாரனுடைய பத்தியின் பெறுமதி தலைகீழாக மாறிவிடுகிறது. படம் இருக்கும்போது விமர்சகனின் தீர்ப்புத்தான் முக்கியம்; தகவல் படத்திலேயே இருக்கிறது. படம் இல்லாமல் போனபின் தீர்ப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 'அபத்தம்' என்று எழுதிவைத்தால் அபத்தம் என்று மட்டும் தெரியும். யார் நெறிப்படுத்தினார், யார் படம்பிடித்தார், யார் பாடினார், கதை எங்கே தொடங்கி எங்கே முடிந்தது, எந்தக் கிழமை எந்தத் தியேட்டரில் வந்தது என்று பிடிவாதமாக எழுதி வைத்தவனுடைய பத்திதான் மிஞ்சும். தம்பிஐயா தேவதாஸ் 'இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதை'யை எழுத உட்கார்ந்தபோது அவருக்கு முன்னால் இருந்த மூலங்கள் மனிதர்களின் ஞாபகமும் இப்படிப்பட்ட பழைய பத்திரிகைத் துண்டுகளும்தான். எல்லாப் பெயரையும் எழுதுவது என்ற அந்தச் சலிப்பூட்டும் பழக்கம் வரலாற்றாசிரியனுக்குச் சோறு போடுகிறது. இதைச் சிவகுமாரன் முன்கூட்டி உணர்ந்து செய்தாரா என்று கேட்பது வீண். பத்திரிகைப் பயிற்சி அப்படிச் செய்வித்தது. செய்தி அறையில் பழகியவனுக்குப் பெயரை விடுவது பாவம்.

அவருடைய இன்னொரு பாதி ஆங்கிலத்தில் நடந்தது. 'தி ஐலண்ட்' 1981-இல் தொடங்கிய ஏடு. அதிலும் பிறகு 'டெய்லி நியூஸ்' கலைப் பக்கத்திலும் 'கிளீனிங்ஸ்' என்ற தலைப்பில் அவர் எழுதிவந்த பத்தி தமிழ் வாசகருக்கு அதிகம் தெரியாது. ஒரு வாரம் ஈழத்துச் சிறுகதைத் தொகுதி ஒன்றின் அறிமுகம், மறு வாரம் ஒரு திரைப்பட விழாப் படம், அதற்கடுத்த வாரம் வெள்ளவத்தை 57-ஆம் ஒழுங்கையில் உள்ள கொழும்புத் தமிழ்ச் சங்கத்தில் நடந்த ஒரு நூல் வெளியீடு என்று போகும். யுத்தம் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில் கொழும்பு ஆங்கிலப் பத்திரிகையில் தமிழர் என்ற சொல் வந்தால் அது குண்டையோ சோதனைச்சாவடியையோ தொடர்ந்துதான் வரும். அதே பத்திரிகையின் உட்பக்கத்தில், தமிழர்கள் கதை எழுதுகிறார்கள், படம் பார்க்கிறார்கள், யாப்பைப் பற்றித் தர்க்கிக்கிறார்கள் என்று ஒருவர் வாராவாரம் எழுதிக்கொண்டிருந்தார். அரசியல் பேசாத எழுத்து என்று அதைக் குறை சொன்னவர்கள் உண்டு. அன்றைய கொழும்பில் அந்த எழுத்தே ஓர் அரசியல்தான் என்று எனக்குப் படுகிறது. அங்கே குரலை உயர்த்தியிருந்தால் இடமே பறிபோயிருக்கும். திரை விமர்சனத்தில் அவருக்குப் பலவீனமாக இருந்த அதே மென்மை, ஆங்கிலப் பத்தியில் அவருக்கு உயிர்நாடியாக இருந்தது.

ஈழத்து இலக்கியத் திறனாய்வின் பெரிய மனிதர்கள் என்று கைலாசபதியையும் சிவத்தம்பியையும் சொல்வோம். மார்க்சியக் கோட்பாட்டில் காலூன்றி, படைப்புகளை நிறுத்து அளந்தவர்கள். கைலாசபதி ஐம்பதுகளின் இறுதியிலிருந்து தினகரன் ஆசிரியராக இருந்த காலம் ஈழத்துப் புனைகதையின் திருப்புமுனை. சிவகுமாரன் அந்த அணியைச் சேர்ந்தவரல்லர், எதிரணியையும் சேர்ந்தவரல்லர். 1990-இல் 'கைலாசபதியும் நானும்' என்று ஒரு நூல் எழுதுமளவுக்கு மரியாதை வைத்திருந்தார். கோட்பாட்டைக் கடன் வாங்கவில்லை. அணியில்லாதவனுக்குச் சீடர்கள் சேர்வதில்லை. அவர் பெயரில் ஒரு விமர்சனப் பள்ளி உருவாகவில்லை, அவருடைய வாக்கியம் ஒன்றை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. புத்தக அறிமுகங்களில் அவருடைய தாராளம் சிலவேளை அளவு மீறியது என்பதும் உண்மை. ஒரே ஊரில் ஒரே கூட்டங்களில் சந்தித்துக்கொள்ளும் எழுத்தாளர்களைப் பற்றி எழுதும்போது பேனா தயங்கும். சினிமாவில் அந்தத் தயக்கம் குறைவு. ஒரு ஹங்கேரி நெறியாளரை அடுத்த வாரம் தமிழ்ச் சங்க மண்டபத்தில் முகங்கொடுத்துப் பார்க்க வேண்டியதில்லை அல்லவா? அதனாலேயே அவருடைய இலக்கியக் குறிப்புகளைவிடத் திரைக்குறிப்புகள் நேராக இருக்கின்றன என்பது என் வாசிப்பு.

சென்னையின் பெரிய பத்தியாளர்களோடு தரவரிசை போடச் சொன்னால், நடையில் கல்கிக்கு எட்டாத தூரத்தில் அவர் நிற்கிறார். துணிவில் சுப்புடுவுக்கு வெகு கீழே. ஆனால் பிறர் படைப்பைப் பதிந்து வைத்த விடாமுயற்சியில் அவர்கள் இருவரையும் அவருக்குப் பக்கத்தில் நிறுத்த முடியாது. தனக்கென்று ஒரு சினிமா இல்லாத சமூகத்துக்கு எந்த வகை விமர்சகன் அதிகம் தேவைப்பட்டான் என்று கேட்டால், என் வாக்குச் சிவகுமாரனுக்கே.

அவருடைய நூல்கள் பலவற்றை 2005-இல் தொடங்கிய நூலகம் எண்ணிம ஆவணகத்தில் இன்று இலவசமாக வாசிக்கலாம். நூலுக்குள் வராத பத்திகள்தான் பிரச்சினை. தினகரன் வாரமஞ்சரி, வீரகேசரி வாரவெளியீடு, ஆங்கில ஏடுகள் என்று அவை சிதறிக் கிடக்கின்றன. பழைய தாள் கைபட்டால் உடைகிற நிலையில் இருக்கிறது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வத்தளையிலும், ரொறன்ரோவிலும் லண்டனிலும், அப்பாவோ பெரியப்பாவோ வெட்டி ஒட்டி வைத்த பத்திரிகைத் துண்டுக் கொப்பிகள் இன்னும் பல வீடுகளில் இருக்கும். வீடு மாறும்போது அவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். நூலகம் நிறுவனத்துக்கு ஒரு தகவல் கொடுத்துவிட்டு, பத்திரிகையின் பெயரையும் திகதியையும் ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் பென்சிலால் எழுதி வையுங்கள்.